பாண்டியில் ஒரு மாலை: தொட்டி பீரா, மாடி பாரா, கள்ளுக்கடையா?

வெளியூர் நண்பர்கள் பாண்டிக்குக் கிளம்பும்போது கடலூரில் இருக்கும் எனக்கு போன் வரும். "அங்கேயே காய்ச்சிக் கொடுக்கிற பீர் கிடைக்குமாமே, எந்த இடம் நல்லா இருக்கும்?" என்று கேட்பார்கள். இடத்தைச் சொல்வதற்கு முன்னால் நான் சிலவற்றைக் கேட்டுக்கொள்வேன். என்ன கிழமை வருகிறீர்கள்? கூட யார் வருகிறார்கள்? ராத்திரி எங்கே தங்குகிறீர்கள்? அந்த மாலை நன்றாக அமையுமா என்பதை இந்தப் பதில்கள்தான் முடிவு செய்கின்றன. கடைப்பெயர் அதற்கு அப்புறம்தான்.

பாண்டியில் பீர் குடிக்க நினைப்பவருக்குப் பல வழிகள் திறந்திருக்கின்றன. சொந்தமாகப் பீர் தயாரித்து அங்கேயே பரிமாறும் மைக்ரோபுரூவரிக்குப் போகலாம். பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனைச் சுற்றிப் பெருகியிருக்கும், சாப்பாட்டோடு மதுவும் தரும் ரெஸ்டோ பார் ஒன்றில் மொட்டைமாடியில் உட்கார்ந்து பாட்டில் பீர் வாங்கலாம். ஒயின்ஷாப்பில் வாங்கி விடுதி அறைக்குக் கொண்டுபோகலாம். ஊர் மணம் வேண்டும் என்றால் கள்ளுக்கடை இருக்கிறது. இதெல்லாம் எதற்கு, பெங்களூருக்கே போய்விடலாமே என்பவர்களும் உண்டு.

பெங்களூரை முதலில் முடித்துவிடுகிறேன். பீருக்காக மட்டுமே ஒரு பயணம் என்றால் பெங்களூர்தான் சரி. டாய்ட், ஆர்பர், விண்ட்மில்ஸ் என்று பெயர் பெற்ற இடங்கள் ஒரே நகரத்தில் இருக்கின்றன. ஒரே வகை பீரை இரண்டு மூன்று இடங்களில் குடித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த வசதி பாண்டியில் இல்லை. ஆனால் கடலூர், விழுப்புரம், சிதம்பரம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவருக்கு அது ஓர் இரவுப் பயணம். போய் இறங்கிய பிறகும் பாதி நாள் போக்குவரத்து நெரிசலில் போய்விடும். பாண்டியில் பீர் என்பது கடற்கரை, பழைய தெருக்கள், மீன் சாப்பாடு எல்லாம் சேர்ந்த நாளின் ஒரு பகுதி. எனவே ஊரைப் பார்க்க வருகிறவருக்கு இந்த ஒப்பீட்டில் பெங்களூர் வேண்டாம்.

இனி மைக்ரோபுரூவரி. இதைப் பற்றித்தான் நான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல விரும்புகிறேன். இங்கே கிடைக்கும் பீருக்கும் பாட்டிலில் வருவதற்கும் உள்ள வித்தியாசம் பலருக்குத் தெரியாமலேயே போய்விடுகிறது. தெரியாமல் போனால் கூடுதல் காசு கொடுத்து அதே பீரைக் குடித்தது போலத்தான் இருக்கும்.

முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை உடைத்து, 65 டிகிரி செல்சியஸ் சூட்டை ஒட்டிய தண்ணீரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஊறவைத்தால் தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ கொதிக்கவிடுவார்கள். கசப்பு அங்கேதான் இறங்குகிறது. பிறகு வேகமாகக் குளிரவைத்து, ஈஸ்ட் சேர்த்து, மூடிய தொட்டியில் விடுவார்கள். ஏல் வகை பீர் 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சில நாட்களிலேயே புளித்துவிடும். லாகர் வகை 10 டிகிரியை ஒட்டிய குளிரில் மெல்லப் புளிக்கும். அப்புறமும் வாரக்கணக்கில் குளிரிலேயே கிடக்க வேண்டும். சின்ன இடங்களின் பட்டியலில் ஏலும் கோதுமை பீரும் முன்னால் நிற்பதற்கு இதுவே காரணம். தொட்டி சீக்கிரம் காலியானால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஆகையால் ஒரு சின்ன புரூவரி நல்ல லாகர் கொடுக்கிறது என்றால் அந்த இடத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிடும். லாகரில் குறையை மறைக்கப் பழ வாசனையும் கிடையாது, வறுத்த மணமும் கிடையாது.

நாம் கடையில் வாங்கும் பெரும்பாலான பாட்டில் பீர் வடிகட்டி, சூடேற்றி, நுண்ணுயிர்களைக் கொன்று அடைக்கப்படுவது. நீண்ட நாள் கெடாமல் இருக்க அது தேவை. ஆனால் அந்த நீண்ட நாட்களில் அது கிடங்கிலும் லாரியிலும் நம் ஊர் வெயிலைப் பார்த்துவிட்டு வருகிறது. வாசனைதான் முதலில் போகும். தொட்டி பீரில் பெரும்பாலும் அந்தச் சூடேற்றம் கிடையாது. ஈஸ்ட் அதிலேயே இருக்கும், லேசாகக் கலங்கலாகவும் இருக்கலாம். வீட்டில் அன்று காலை அரைத்த மாவுக்கும் பாக்கெட் மாவுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பதற்கு அர்த்தமே இந்தப் புதுமைதான்.

முதல் தடவை போகிறவருக்கு நான் சொல்வது கோதுமை பீர். ஜெர்மன் பாணி ஹெஃபவைசன் கிடைத்தால் மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் அதில் யாரும் போடவில்லை, ஈஸ்ட் புளிக்கும்போது தானாக உண்டாக்குகிற மணம் அது. பெல்ஜியப் பாணி விட்பியர் என்றால் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் நிஜமாகவே சேர்ப்பார்கள். ரசத்துக்கு தனியா வறுக்கும் வீட்டில் வளர்ந்த நமக்கு அந்த மணம் உடனே பிடிபடும். ஒரு காலத்தில் வழக்கொழிந்துபோன இந்த வகையை பெல்ஜியத்தின் ஹோகார்டன் ஊரில் பியர் செலிஸ் என்பவர் 1966இல் மறுபடி உயிர்ப்பித்தார். ஸ்டவுட் கறுப்பாக இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். வறுத்த பார்லியின் நிறம் அது. காபி, சாக்லெட் மணம் வரும். நிறம் கறுப்பு என்பதால் போதை அதிகம் என்று அர்த்தமில்லை. நம் கடைகளில் பொன்னிறத்தில் விற்கும் ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் வரை போகிறது. பல ஸ்டவுட்கள் 5 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிடும். ஐபிஏ என்ற கசப்பு வகையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே அதைக் குடித்தால் நாக்கு மரத்துப்போய் அடுத்து வருகிற எதன் ருசியும் தெரியாது.

பெரிய கோப்பை வாங்காமல் சிறு கிளாஸ்களில் நான்கைந்து வகை வைத்துத் தரும் தட்டைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் ஒரு வாய் ருசி பார்க்கத் தர முடியுமா என்று கேளுங்கள். பீரை மதிக்கிற இடத்தில் மறுக்க மாட்டார்கள். ஊற்றித் தந்த கிளாஸை ஒரு தடவை வெளிச்சத்தில் பாருங்கள். உள்பக்கச் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை. வெண்ணெய் தடவிய பாப்கார்ன் போல மணந்தால் அந்தப் பீருக்குத் தொட்டியில் இன்னும் கொஞ்ச நாள் கொடுத்திருக்க வேண்டும், அல்லது குழாய் சுத்தமாக இல்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. இதைப் பணிவாகச் சொன்னால் நல்ல இடத்தில் மாற்றித் தருவார்கள்.

பாண்டியில் சொந்தமாகப் பீர் தயாரிக்கும் இடங்களில் கட்டமரான் புரூயிங் கம்பெனியின் பெயர் வெளியூர்வரை எட்டியிருக்கிறது. அங்கே போனாலும் வேறு இடத்துக்குப் போனாலும் நான் வற்புறுத்துவது நேரத்தைத்தான். வார நாளில், பிற்பகலில் போங்கள். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் போனால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த கூட்டம் நிற்கும். பாட்டுச் சத்தத்தில் எதிரே இருப்பவர் பேசுவதே கேட்காது. பரிமாறுகிறவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அவரிடம் போய் "இந்தப் பீர் எந்த ஈஸ்ட்ல செஞ்சது" என்று கேட்க நமக்கே மனம் வராது. அதே இடம் செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு வேறு மாதிரி இருக்கும். தொட்டிகளைப் பார்க்கும்படியான மேசை கிடைக்கும். எந்தத் தொட்டியில் எது இருக்கிறது, எது புதிதாகத் திறந்தது, எது தீரப்போகிறது என்று கேட்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் காய்ச்சுகிறவரே வந்து நின்று இரண்டு நிமிடம் பேசுவார். தன் வேலையைப் பற்றி ஒருவர் ஆசையாகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே அவர் செய்ததைக் குடிப்பது, எந்தப் பாட்டிலும் தராத சந்தோஷம். மதியமே திறப்பார்களா, பட்டியலில் இருக்கிற எல்லா வகையும் இன்று இருக்கிறதா என்று முன்னாலேயே போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு வகை தீர்ந்துவிட்டால் அடுத்த தொட்டி தயாராகும்வரை கிடையாது.

விலையைப் பற்றிச் சிலர் ஏமாறுகிறார்கள். பாண்டியில் சரக்கு மலிவு என்ற பேச்சு பாட்டிலுக்குத்தான் பொருந்தும். தொட்டி பீர் இங்கேயும் மலிவில்லை. ஹாப்ஸ் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஹிமாச்சலின் லாஹௌல் பள்ளத்தாக்கில் கொஞ்சம் விளைந்தாலும் அது ஒரு மூலைக்குக் காணாது. மலிவாக நிறையக் குடிக்க வேண்டும் என்பவருக்கு மைக்ரோபுரூவரி பொருத்தமான இடமில்லை. அதில் தப்பு எதுவும் இல்லை, அவருக்கு வேண்டியது வேறு.

அப்படிப்பட்டவருக்கும் கூட்டமாக வரும் நண்பர்களுக்கும் ரெஸ்டோ பார் ஒத்துவரும். மாடியில் கடல் காற்று வரும், சாப்பாட்டுப் பட்டியல் நீளமாக இருக்கும், ஒருவர் பீர், ஒருவர் ஒயின், ஒருவர் எலுமிச்சை சோடா என்று அவரவர் வழியில் போகலாம். பாட்டிலிலேயே கோதுமை பீர் வேண்டும் என்றால் 2015இல் வந்த பீரா 91 போன்ற பிராண்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். வழக்கமான பாட்டில் பீருக்கே பழகிய நாக்குக்கு அதுவே ஒரு மாற்றம்தான். வாங்கும்போது பாட்டிலில் அச்சடித்திருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். புதியதாக இருந்தால் மட்டும் திறக்கச் சொல்லுங்கள். இந்த பார்கள் குடியிருப்புத் தெருக்களுக்குள் நெருக்கமாக வந்துவிட்டதால் இரைச்சல் பற்றி உள்ளூர் மக்கள் தொடர்ந்து முறையிட்டு வருகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நடுராத்திரி தெருவில் சத்தம் போட்டுக்கொண்டு நடக்கும்போது, அந்த மஞ்சள் சுவர்களுக்குப் பின்னால் மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒயின்ஷாப்பில் வாங்கி அறைக்குக் கொண்டுபோவது செலவு குறைந்த வழி. அதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. அதற்கு பாண்டி வரை வரவும் வேண்டாம்.

கள் விஷயம் அப்படியில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுச்சேரியில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருக்கின்றன. நேர்மையாகச் சொன்னால், இந்த மண்ணின் கிராஃப்ட் பீர் என்று ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் நான் கள்ளைத்தான் காட்டுவேன். மைக்ரோபுரூவரியின் மால்ட் வடநாட்டிலிருந்து வரலாம், ஹாப்ஸ் ஜெர்மனியிலிருந்து வரலாம். கள் பக்கத்துத் தோப்பிலிருந்து வருகிறது. சுண்ணாம்பு தடவிய பானையில் இறக்கினால் பதநீர், தடவாமல் விட்டால் காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட் தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு தூக்கலாக இருக்கும். வெயில் ஏற ஏறப் புளிப்பும் போதையும் கூடும். சாயங்காலம் குடிப்பது வேறொரு பானம். ஆகவே கள் குடிக்க நினைப்பவர் காலையிலேயே போக வேண்டும். பனங்கள்ளுக்குக் கோடையை ஒட்டிய மாதங்கள்தான் காலம், தென்னங்கள் மற்ற நாட்களிலும் கிடைக்கும்.

ஆனாலும் எல்லோரையும் அங்கே அனுப்ப மாட்டேன். கள்ளுக்கடை உழைக்கிறவர்கள் வேலைக்கு நடுவே வந்து போகும் இடம். சுற்றுலாப் பயணிக்காக அமைத்ததில்லை. பெண்கள் வசதியாக உட்காரும்படியான கடை அபூர்வம். பழக்கமில்லாத வயிறு முதல் நாளே முரண்டு பிடிக்கலாம். எந்தக் கடையில் கலப்படம் இல்லாமல் வரும் என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். ஒரு வில்லியனூர்க்காரரோ பாகூர்க்காரரோ நண்பராக இருந்து, அவரே அழைத்துக்கொண்டு போனால் தயங்காமல் போங்கள். யாரும் இல்லையென்றால் வேண்டாம். கையில் கேமராவை வைத்துக்கொண்டு போவது எப்போதுமே வேண்டாம்.

சாப்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு எளிதாகும். கடலூர் துறைமுகத்திலும் பாண்டியிலும் இறங்கும் மீன்தான் இந்தக் கரையின் பெருமை. நெத்திலி வறுவல், இறால் தொக்கு, வஞ்சிரம் துண்டு என்று வருகிறபோது கோதுமை பீர் அருமையாகப் பொருந்தும். அதன் மென்மை காரத்தைத் தணிக்கும், குமிழிகள் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிடும். ஐபிஏவின் கசப்பு மிளகாய்க் காரத்தை இன்னும் ஏற்றிவிடும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மைக்ரோபுரூவரிகளில் பீட்சா, பர்கர் பக்கமே பட்டியல் சாயும். நல்ல மீன் வறுவல் அங்கே இல்லையென்றால் ருசித்தட்டை மட்டும் முடித்துக்கொண்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு மீன் நன்றாகச் செய்யும் வேறு இடத்துக்குப் போவேன். ஒரே இடத்தில் எல்லாமே சிறப்பாகக் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கத் தேவையில்லை.

கூட யார் வருகிறார்கள் என்று கேட்டேன் அல்லவா? குழுவில் குடிக்காதவர் ஒருவராவது இருப்பார். அவரை இரண்டு மணி நேரம் தண்ணீர் பாட்டிலோடு உட்காரவைப்பது எனக்குப் பிடிக்காது. அவருக்கும் அதே நாளில் அதே மாதிரி ஓர் அனுபவம் இந்த ஊரிலேயே இருக்கிறது. ஆரோவில் பக்கம் கொக்கோ கொட்டையை வறுத்து அரைத்துச் சாக்லெட் செய்யும் மேசன் அண்ட் கோ இருக்கிறது. தென்னிந்தியத் தோட்டங்களின் கொக்கோவை வைத்துச் செய்கிறார்கள். காபிக் கொட்டையை வறுத்துத் தரும் மார்க்ஸ் காபியும் ஆரோவிலைச் சேர்ந்ததுதான். புளிக்கவைத்தல், வறுத்தல், பொறுமை என்று பீருக்குச் சொன்னதெல்லாம் அங்கேயும் பொருந்தும், கொக்கோ கொட்டையும் புளித்த பிறகுதான் சாக்லெட் மணம் பெறுகிறது. காலையில் ஆரோவில், பிற்பகலில் புரூவரி என்று வைத்துக்கொண்டால் இருவருக்கும் சமமான நாள். குடும்பத்தோடு, சின்னப் பிள்ளைகளோடு வருகிறவருக்கு நான் ஆரோவில் பக்கத்தை மட்டும்தான் சொல்வேன். பீர் இன்னொரு பயணத்துக்குக் காத்திருக்கட்டும்.

தங்குமிடத்துக்கு வருவோம். இதைக் கேட்காமல் நான் எந்த யோசனையும் சொல்வதில்லை. ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்பதுதான் வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை. ஒரு பெரிய கிளாஸே சிலரை அதற்கு மேல் கொண்டுபோய்விடும். முதல் தடவை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைவிடப் பெரிய விஷயம் அந்தக் கடலூர் ரோடு. இருட்டில் எதிரே வரும் பேருந்தையும் ஓரத்தில் நிற்கும் மாட்டையும் தெளிவாக இருக்கிறவனே கவனித்துத்தான் ஓட்ட வேண்டும். ஆகவே கடலூரிலிருந்து வருகிறவர்கள் பேருந்தில் வாருங்கள். தூரம் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான், வண்டிகளும் அடிக்கடி உண்டு. ரயிலை நம்ப வேண்டாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நேரடிப் பாதை இல்லை, விழுப்புரம் சுற்றித்தான் வர வேண்டும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஓர் இரவு தங்கிவிடுங்கள். ஒயிட் டவுனிலோ அதை ஒட்டியோ அறை எடுத்தால் எல்லாமே நடக்கிற தூரம்.

வயது அத்தாட்சியைக் கையில் வையுங்கள். புதுச்சேரியில் 18 வயது, தமிழ்நாட்டில் 21. பிடித்த பீரை ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொல்வார்கள், வெளி மாநிலச் சரக்கு என்றால் வழக்குதான். இந்த ஊரின் எல்லை நேர்க்கோடாகவும் இருக்காது. கோட்டக்குப்பம் தமிழ்நாடு, அதைத் தாண்டிக் காலாப்பட்டு மறுபடி புதுச்சேரி. எந்தத் தெருவில் எந்த மாநிலம் என்று தெரியாமல் கையில் பாட்டிலோடு திரிய வேண்டாம். அதோடு தொட்டி பீர் பயணம் தாங்காது. சூடுபட்டுக் குலுங்கினால் நாம் எதற்காகத் தேடிப் போனோமோ அந்த மணமே போய்விடும். காந்தி ஜெயந்தி அன்றும், தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் எதுவும் திறந்திருக்காது. தேதி குறிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

சனி, ஞாயிறு மட்டும்தான் லீவு கிடைக்கும் என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு என் யோசனை இதுதான். சனிக்கிழமை மதியம் புரூவரி திறக்கும் நேரத்துக்கே போய் உட்காருங்கள். முதலில் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிடுங்கள். கோதுமையில் தொடங்கி, லாகர், ஸ்டவுட், கடைசியில் ஐபிஏ என்று ருசித்தட்டை நிதானமாக முடியுங்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் தண்ணீர் குடியுங்கள். அதில் பிடித்தது ஒன்றை மட்டும் பெரிய கிளாஸில் வாங்கிக்கொண்டு, ஐந்தரைக்கெல்லாம் கணக்கை முடித்துவிடுங்கள். ஆறு மணிக்கு பீச் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், நடப்பவர்களுக்கு மட்டும்தான் சாலை. கூட்டம் புரூவரிக்குள் நுழையும் நேரத்தில் நீங்கள் கடலோரம் இருப்பீர்கள். ஞாயிறு காலை கள்ளுக்கு அழைத்துப்போக நண்பர் இருந்தால் அதையும் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேருந்து ஏறலாம்.